முதல் மாரத்தான் ஓடி நிதி திரட்டப் போகிறீர்களா? பணம் போகும் வழியும், உடம்பு கேட்கும் 18 வாரங்களும்

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு மெசேஜ் தலைகாட்டும்: “ஜனவரியில ஃபுல் மாரத்தான் ஓடுறேன். குழந்தைகளோட சிகிச்சைக்கு நிதி திரட்டுறேன். உங்களால முடிஞ்சதைக் கொடுங்க.” கீழே ஒரு லிங்க். நாலு பேர் கட்டைவிரல் எமோஜி போடுவார்கள். இரண்டு பேர் 500 ரூபாய் அனுப்புவார்கள். ஒருவர் மட்டும், “பஸ்ஸைப் பிடிக்கக்கூட நீ ஓட மாட்டியேப்பா!” என்று கலாய்ப்பார்.

கிண்டல் இருக்கட்டும். அந்த மெசேஜை அனுப்பியவர் ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்புகளைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். ஒன்று, அடுத்தவர் பணம். இன்னொன்று, 42 கி.மீ. ஓடிப் பழக்கமில்லாத தன் உடம்பு. இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பலரும் யோசிக்கிறார்கள். ஆனால், ‘காசு வாங்கிட்டோமே’ என்ற நினைப்பே வலியை மறைத்துக்கொண்டு ஓட வைப்பதும் நடக்கிறது. அதனால், முதல் முறை ஓடுபவர் இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

அது என்ன 42.195 கி.மீ. கணக்கு?

பழங்கால கிரேக்க வீரர் ஒருவர் மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடிவந்து வெற்றிச் செய்தி சொன்னார் என்ற கதையில் இருந்துதான் பெயர் வந்தது. தூரம் வந்தது லண்டனில் இருந்து. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி ஒலிம்பிக் மைதானத்தில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி பாதை போட்டார்கள். அளந்தால் 42.195 கி.மீ. வந்தது. 1921-ல் அதையே சர்வதேச அளவாக நிர்ணயித்துவிட்டார்கள். கடைசி 195 மீட்டரில் யாராவது அழுதுகொண்டே ஓடினால், காரணம் அந்தக் கோட்டைதான்.

ஓட்டத்துக்கும் நன்கொடைக்கும் எப்படி முடிச்சு விழுந்தது?

இந்தக் கதையில் தவிர்க்க முடியாத பெயர் டெர்ரி ஃபாக்ஸ். கனடாவைச் சேர்ந்தவர். எலும்புப் புற்றுநோயால் 1977-ல் இவரது வலது கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. 1980 ஏப்ரல் 12 அன்று, செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் இருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாளுக்குச் சுமார் ஒரு மாரத்தான் தூரம். நோக்கம், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி. அந்த ஓட்டம் எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம். இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயமே அதில்தான் இருக்கிறது.

1981-ல் தொடங்கிய லண்டன் மாரத்தான், நிதி திரட்டலை ஒரு பெரிய அமைப்பாகவே வளர்த்தது. அங்கே ஓட இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2026 ஓட்டத்துக்கான குலுக்கலுக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அதனால் தொண்டு நிறுவனங்கள் தங்களுக்கென்று இடங்களை வாங்கிவைத்து, ‘இவ்வளவு பவுண்டு திரட்டித் தருகிறேன்’ என்று உறுதி சொல்பவர்களுக்குக் கொடுக்கின்றன. 2025-ம் ஆண்டு ஒரே நாள் ஓட்டத்தில் திரண்ட தொகை 8 கோடியே 73 லட்சம் பவுண்டு.

அதே லண்டனில்தான் ஃபவுஜா சிங் 2000-ம் ஆண்டு தன் முதல் மாரத்தானை ஓடினார். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். பாஸ்போர்ட்டின்படி அப்போது அவருக்கு வயது 89. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்காகச் செயல்படும் ‘பிளிஸ்’ என்ற அமைப்புக்காக ஓடினார். எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 54 நிமிடம். முதல் மாரத்தானுக்கு வயதும் தடையில்லை, மெதுவாக முடிப்பதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நம் பக்கம் வந்தால், 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தான்தான் நாட்டிலேயே பெரிய நிதி திரட்டும் ஓட்டம். இதுவரை 300 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருக்கிறது. கோவை மாரத்தான் 2013-ல் இருந்து கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கிறது. சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் சென்னை மாரத்தான், சமீப ஆண்டுகளில் டைப் 1 நீரிழிவுள்ள குழந்தைகளின் பிரச்சினையைக் கையில் எடுத்திருக்கிறது. இன்சுலின் ஊசியை ஒரு நாள்கூட நிறுத்த முடியாத குழந்தைகள் அவர்கள். மருந்துச் செலவு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும் வீடுகளில், இந்த நிதி ஒவ்வொரு மாதமும் தேவைப்படும் உதவி.

பதிவுக் கட்டணம் கட்டினால் அது நன்கொடையா?

பெரும்பாலும் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

மாரத்தானுக்குப் பதிவு செய்யும்போது கட்டும் தொகை டி-ஷர்ட், பதக்கம், தண்ணீர், ஆம்புலன்ஸ், சாலைத் தடுப்பு, நேரம் கணக்கிடும் சிப் என்று ஓட்டத்தை நடத்தும் செலவுக்குப் போகிறது. சில அமைப்பாளர்கள் மிச்சத்தை நல்ல காரியத்துக்குக் கொடுப்பார்கள். சிலர், பதிவு செய்யும் பக்கத்திலேயே ‘கூடுதலாக நன்கொடை’ என்று தனிப் பெட்டி வைத்திருப்பார்கள். ‘சாரிட்டி ரன்’ என்று பேனரில் இருப்பதாலேயே உங்கள் கட்டணம் முழுவதும் ஒரு குழந்தையின் சிகிச்சைக்குப் போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். எவ்வளவு போகிறது என்று அமைப்பாளரிடம் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

நிதி திரட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், முதலில் தீர்மானிக்க வேண்டியது பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதுதான்.

“என் ஜிபேக்கு அனுப்புங்க, நான் மொத்தமா கட்டிடுறேன்” என்பது சுலபமான வழி. ஆனால் அதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. ரசீது உங்கள் பெயரில் மட்டும் வரும், கொடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வீட்டு வாடகையும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிடும். நாளைக்கு யாராவது “நான் கொடுத்த 2,000 என்ன ஆச்சு?” என்று கேட்டால், ஸ்கிரீன்ஷாட் தேட வேண்டியிருக்கும். தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கோ, அந்த நிறுவனம் அங்கீகரித்த நிதி திரட்டும் பக்கத்துக்கோ பணம் நேராகப் போவதுதான் எல்லோருக்கும் நிம்மதி.

அந்தப் பக்கத்தின் லிங்க்கைப் பகிரும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்:

• தளம் எத்தனை சதவீதம் கட்டணம் பிடிக்கிறது? பணம் செலுத்தும்போது ‘டிப்ஸ்’ என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கிறதா? அதை நீக்க முடியுமா?

• அமைப்பின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் கிடைக்கின்றனவா?

• அமைப்புக்கு 80ஜி பதிவு இருக்கிறதா?

80ஜி பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ‘ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஆயிரமும் டேக்ஸில் திரும்ப வரும்’ என்பது உண்மையில்லை. பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொகையில் பாதியை, வரம்புக்கு உட்பட்டு, வரி விதிக்கத்தக்க வருமானத்தில் இருந்து கழித்துக்கொள்ளலாம். அதாவது 1,000 ரூபாய் கொடுத்தால் 500 ரூபாய் கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சமாவது சுமார் 100 ரூபாய். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் இந்தச் சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது.

ஐடி வேலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், வெளிநாட்டு நண்பர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ ஒருவர், தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பழைய டீம் லீட் கொடுக்கும் பணம், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள அமைப்புகள் மட்டுமே, அதற்கென்று இருக்கும் தனிக் கணக்கில் அதை வாங்க முடியும். “என் அக்கவுண்ட்டுக்கு அனுப்பு, நான் பாத்துக்கறேன்” என்று சொல்வது சிக்கலை விலைக்கு வாங்குவது.

எப்படிக் கேட்டால் கொடுப்பார்கள்?

குழுவில் ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருந்தால் வரும் தொகை குறைவுதான். எல்லோருக்கும் அனுப்பிய மெசேஜ் யாருக்கும் அனுப்பியதாக ஆகாது. தனித்தனியாக, பெயர் சொல்லிக் கேட்பதற்குப் பலன் அதிகம். சித்தப்பாவுக்கு ஒரு போன், பழைய காலேஜ் நண்பனுக்கு ஒரு வாய்ஸ் நோட், மேனேஜரிடம் நேரில் ஒரு வார்த்தை. கம்பெனியில் ‘மேட்ச்சிங் கிராண்ட்’ இருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். ஊழியர் திரட்டும் தொகைக்கு இணையாகத் தானும் ஒரு தொகை போடும் நிறுவனங்கள் இருக்கின்றன.

முதல் நன்கொடையை நீங்களே போடுவது நல்ல தொடக்கம். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதலில் பணம் போட எல்லோருக்கும் தயக்கம்.

இன்னொன்று, கேட்கும்போது என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ‘42 கி.மீ. முடிச்சே தீருவேன்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘18 வாரம் பயிற்சி செய்றேன், ஜனவரியில ஸ்டார்ட் லைன்ல நிக்க முயற்சி பண்றேன், நிதி எப்படியும் போய்ச் சேரும்’ என்று எழுதலாம். கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஓடுபவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

18 வாரத்தில் என்ன நடக்கும்?

முதலில் ஒரு நேர்மையான கேள்வி. இன்றைக்கு நிற்காமல் 8 முதல் 10 கி.மீ. மெதுவாக ஓட முடிகிறதா? முடியும் என்றால் 18 வாரம் போதும். முடியாது என்றால் இந்த ஆண்டு 10 கி.மீ. ஓட்டத்துக்கோ ஹாஃப் மாரத்தானுக்கோ நிதி திரட்டுங்கள். தூரம் குறைந்தால் நன்கொடை குறையும் என்று எந்த விதியும் இல்லை. ஃபுல் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.

ஜனவரி முதல் வாரத்து ஓட்டம் என்றால், பயிற்சி செப்டம்பர் முதல் வாரம் தொடங்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், ஒன்றிரண்டு நாள் உடலை வலுவாக்கும் பயிற்சி, மீதி ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ‘லாங் ரன்’. முழுத் திட்டமும் இந்த ஒரு நாளைச் சுற்றித்தான் சுழல்கிறது. அதன் தூரம் ஏறத்தாழ இப்படி ஏறும்:

• செப்டம்பர்: 12, 14, 16 கி.மீ., நான்காவது வாரம் 12-க்கு இறக்கம்.

• அக்டோபர்: 18, 20, 21 கி.மீ., பிறகு 16-க்கு இறக்கம்.

• நவம்பர்: 23, 25, இறக்கமாக 18, பிறகு 27, மறுபடி 20.

• டிசம்பர் முதல் பாதி: ஒரு 30, முடிந்தால் ஒரு 32.

• கடைசி மூன்று வாரம்: 20, 13, பிறகு ஓட்டம்.

இடையிடையே இறங்குவது சோம்பல் கணக்கில் வராது. ஓடும்போது தசைக்கும் எலும்புக்கும் ஏற்படும் நுண்ணிய பாதிப்பு, ஓய்வில்தான் சரியாகி வலுப்பெறுகிறது. நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். ‘மூச்சு வாங்கலையே, இன்னும் 5 கி.மீ. போகலாமே’ என்று தோன்றும் ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் பலருக்குக் கால் பிடித்துக்கொள்கிறது. மூச்சு தயார், எலும்பு இன்னும் தயாராகவில்லை.

பயிற்சியில் 42 கி.மீ. ஓடிப் பார்க்கத் தேவையில்லை. 30, 32 கி.மீ. தாண்டினால் கிடைக்கும் பலனைவிட, தேறி வர ஆகும் நாட்கள் அதிகம். கடைசிப் பத்து கிலோமீட்டரைப் பந்தய நாளுக்கென்று விட்டுவைப்பதுதான் வழக்கம்.

வேகம்? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். ‘ம்’, ‘ஆமா’ மட்டும்தான் வருகிறது என்றால் வேகம் அதிகம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 30 விநாடி என்ற நிதானத்தில் போனாலும் 42.195 கி.மீ. தூரத்தை 6 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். உங்கள் ஓட்டத்தின் கட்-ஆஃப் நேரம் எவ்வளவு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாறி மாறிப் போகும் முறையும் முழுமையான முறைதான். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே இதை உலகம் முழுக்கப் பிரபலப்படுத்தினார். நடந்தால் மாரத்தான் கணக்கில் வராது என்று சொல்பவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

சென்னை வெயில், மழை, தெருநாய்

வெளிநாட்டு ஆப் தரும் பயிற்சித் திட்டத்துக்கு நம் ஊர் தெரியாது. செப்டம்பரில் சென்னையில் விடிவதற்கு முன்பே வியர்வை ஊற்றும். காற்றில் ஈரப்பதம் அதிகம் இருந்தால் வியர்வை ஆவியாகாது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அதனால் குளிர்ச்சியான ஊரில் ஓடுபவரைவிட இங்கே அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது. வாட்ச் காட்டும் வேகத்தைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். வெயில் ஏறும் முன், 4.30 அல்லது 5 மணிக்கே லாங் ரன்னைத் தொடங்குவது வழக்கமாவது இதனால்தான்.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தூரம் ஏறும் வாரங்களும் மழை கொட்டும் வாரங்களும் ஒன்றாக வருவதுதான் ஜனவரி மாரத்தானின் சோதனை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத பள்ளம் இருக்கலாம், மின்கம்பி அறுந்து கிடக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை விடுங்கள். ஒரு வாரம் போனால் குடி முழுகிவிடாது. போன வாரத்தை இந்த வாரத்தோடு சேர்த்து ‘கவர்’ பண்ணும் முயற்சிதான் காயத்தில் முடியும்.

இருட்டில் ஓடுவதால் வெளிச்சத்தை எதிரொளிக்கும் ஜாக்கெட் அவசியம். காதில் இயர்போன் வேண்டாம். நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாமல் நின்று, மெதுவாக நடந்து கடப்பதே பாதுகாப்பு. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதிகாலை இருட்டில் தனியாக ஓடுவது பெண்களுக்கு எவ்வளவு யோசனைக்குரிய விஷயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டக் குழுக்களின் உண்மையான பயன் இங்கேதான். மெரினா கடற்கரைச் சாலை, பெசன்ட் நகர், கோவை ரேஸ் கோர்ஸ் போன்ற இடங்களில் ஞாயிறு காலையில் கூட்டமாக ஓடுகிறார்கள். மெதுவாக ஓடும் புதியவர்களுக்கும் அந்தக் கூட்டத்தில் துணை கிடைக்கும்.

தண்ணீர் குடிப்பதிலும் ஆபத்தா?

ஆமாம், அளவுக்கு மீறினால். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதிகம் மாட்டியவர்கள். முதல் முறை ஓடுபவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இந்த இரண்டாவது வகைதான். ரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்தால் குழப்பம், வாந்தி, வலிப்பு வரை போகலாம்.

தாகத்துக்குக் குடிப்பது பொதுவாகப் பாதுகாப்பான வழி. நம் ஊர் வியர்வைக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சர்க்கரையும் கலந்த பானமும் தேவை.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. உடம்பில் சேமித்துவைத்திருக்கும் மாவுச்சத்து, பொதுவாக 30 கி.மீ. தாண்டும்போது தீரத் தொடங்கும். திடீரென்று கால் கல்லாகும், மனசு ‘போதும்’ என்று சொல்லும். ஓட்டக்காரர்கள் இதைத்தான் ‘சுவரில் மோதுவது’ என்கிறார்கள். தவிர்க்க, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். ஜெல், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எதுவானாலும் லாங் ரன்னிலேயே சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். காலையில் இட்லி ஒத்துக்கொள்கிறது என்றால் பந்தய நாளிலும் இட்லிதான். அன்றைக்குப் புது ஷூவும் வேண்டாம், புது ஜெல்லும் வேண்டாம்.

‘காசு வாங்கிட்டேனே, எப்படி நிறுத்துறது?’

டெர்ரி ஃபாக்ஸிடம் திரும்புவோம். 143 நாட்கள், 5,373 கி.மீ. ஓடிய பிறகு, 1980 செப்டம்பர் 1 அன்று கனடாவின் தண்டர் பே நகருக்கு அருகே அவர் நின்றார். இருமலும் நெஞ்சுவலியும் வந்திருந்தன. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மேற்குக் கரையை அவர் தொடவே இல்லை. அடுத்த ஆண்டு ஜூன் 28 அன்று, 22 வயதில் இறந்துபோனார்.

அவருடைய கனவு, கனடாவில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர். ஓட்டம் பாதியில் நின்ற பிறகுதான் பணம் வெள்ளமாக வந்தது. 1981 பிப்ரவரியில் நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் கிட்டத்தட்ட அதே எண்தான். ‘முடிக்கவில்லையே’ என்று அந்த மக்கள் கணக்குப் பார்க்கவில்லை.

இதை முதல் முறை ஓடுபவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நன்கொடை கொடுத்தவர் ஒரு குழந்தையின் மருந்துக்குக் கொடுத்தார். உங்கள் முழங்காலை அடமானம் வாங்கிக்கொண்டு கொடுக்கவில்லை. நீங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த மருந்து வாங்கப்படும்.

எந்த வலி சாதாரணம், எது இல்லை? தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக இருக்கும் வலி, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் கவலை வேண்டாம். கீழே உள்ளவை வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்:

• காலின் முன் எலும்பிலோ பாதத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி. ஓட ஓடக் கூடுகிறது, இரவில் படுத்தாலும் வலிக்கிறது என்றால் எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம்.

• நொண்டி நொண்டி ஓட வைக்கும் எந்த வலியும்.

• நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், படபடப்பு. இவை வந்தால் அந்த நிமிடமே நிற்க வேண்டும்.

• காய்ச்சல். வைரஸ் காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசையைப் பாதிக்கலாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இன்னொரு பொறி. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், நீர்ச்சத்து குறைந்த உடம்பில் சிறுநீரகத்துக்குச் சுமை. அதோடு, நிற்கச் சொல்லும் சிக்னலையே அணைத்துவிடும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், ஹாஃப் மாரத்தான் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்தபோது, இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. அதாவது சுமார் 1 லட்சத்து 84 ஆயிரம் பேரில் ஒருவருக்கு. ஆபத்து மிகக் குறைவுதான். ஆனால் அவர்களில் பலருக்கு ஏற்கெனவே இதயத்தில் குறை இருந்தது. குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருப்பவர்கள் செப்டம்பரிலேயே ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. டிசம்பர் கடைசியில் பார்த்தால், அவர் சொல்வதைக் கேட்கும் மனநிலை இருக்காது.

ஓட்ட நாள் அன்று

முதல் 5 கி.மீ. ‘இது ரொம்ப மெதுவா இருக்கே’ என்று தோன்ற வேண்டும். கூட்டமும் இசையும் கைத்தட்டலும் இழுக்கும், அப்போது சேர்த்துவைத்த நிமிடங்களைக் கடைசி 10 கி.மீ. வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். பிப்பின் பின்பக்கம் ரத்த வகையையும் வீட்டு போன் நம்பரையும் எழுதுங்கள். நேரப் பலகையோடு ஓடும் பேசர்களில், நினைத்ததைவிடச் சற்று மெதுவான ஒருவரோடு ஒட்டிக்கொள்வது முதல் முறைக்கு நல்ல உத்தி.

முடித்தவுடன் உட்காராமல் பத்து நிமிடம் நடக்க வேண்டும். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலைசுற்றும். அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்குவதுதான் உண்மையான மாரத்தான். திங்கட்கிழமைக்கு லீவ் சொல்லிவிடுங்கள்.

பதக்கம் வாங்கிய பிறகு ஒரு வேலை மிச்சம்

நிறையப் பேர் பதக்கத்தோடு போட்டோ போட்டதும் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கொடுத்தவர்களுக்கு அது பாதிச் செய்திதான். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் சுருக்கமாக எழுதுங்கள். மொத்தம் எவ்வளவு வந்தது, தளம் பிடித்த கட்டணம் எவ்வளவு, அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, எந்தத் தேதியில் சேர்ந்தது, ரசீது வராதவர்கள் யாரைக் கேட்க வேண்டும். ஓட்டத்தை முடிக்க முடியாமல் போயிருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

ஆறு மாதம் கழித்து அமைப்பிடம் கேட்டு, அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று இன்னொரு முறை எழுதினால் இன்னும் நல்லது. இத்தனை குழந்தைகளுக்கு இத்தனை மாத இன்சுலின் என்று ஒரு வரி போதும். அடுத்த ஆண்டு வேறு ஒருவர் இதே குழுவில் லிங்க் போட்டுக் கேட்கும்போது, அந்த ஒரு வரியை நம்பித்தான் கொடுப்பார்கள்.